இரண்டு கிலோ நானூறு கிராம்

எங்கள் எதிர்வீட்டு நேசக்குமார், டிவி ரிமோட்டுக்குப் பாலிதீன் உறை போட்டு, அந்த உறைக்கு ரப்பர் பேண்டு போட்டு, ரப்பர் பேண்டு இற்றுப்போகாமலிருக்க அதற்கு வாரம் ஒருமுறை பவுடரும் போடுகிறவர். கூட்டுறவு வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். போன கிறிஸ்துமஸுக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். கம்பெனிக்காரனே எல்லாவற்றையும் உள்ளே மாட்டி, மூடி, முத்திரை ஒட்டி அனுப்புகிற கறுப்புப் பெட்டி. அதன்மேல் ஒட்டியிருந்த மெல்லிய பிளாஸ்டிக் தாளை அவர் இன்னும் உரிக்கவில்லை. தாளுக்கு மேலாகவே பொத்தானை அழுத்துவார். அதில் அவர் கேட்பது ஞானப்பாட்டு, பார்ப்பது வானிலை. வானிலையை ஜன்னலைத் திறந்தாலே பார்க்கலாம், ஆனால் ஜன்னலுக்கும் அவர் ஏதோ உறை போட்டிருக்கிறார்.

இப்படிப்பட்டவரிடம் போய் என் மருமகள் ஸ்டெபி யோசனை கேட்டாள். நான் குத்துக்கல்லாக வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது.

விஷயம் இதுதான். இன்னும் கட்டாத அடுக்குமாடி வீடுகளைக் கட்டி முடித்ததுபோலக் கம்ப்யூட்டரில் வரைந்து கொடுப்பது ஸ்டெபியின் வேலை. சோபா, திரைச்சீலை, தரையில் விழும் வெயில் வரைக்கும் வரைவாள். கம்பெனி சென்னையில், அவள் தூத்துக்குடியில் எங்கள் முன்னறையில். அவளுடைய பழைய லேப்டாப் ஒரு படத்தை முடிக்கப் பதினோரு மணி நேரம் எடுத்தது. அப்போது அது இரைந்த இரைச்சலில், நாங்கள் மாவு மில் வைத்துவிட்டோம் என்று தெருவே அரிசியோடு வந்து வரிசையில் நின்றது. சரி, ஒரு அம்மாதான் வந்தாள். ஆனால் அரிசி நிஜம்.

கம்பெனி கடைசியாக ஒரு கெடு வைத்தது. புதன்கிழமை மாலை ஐந்து மணிக்குள் ஒரு சோதனைப் படத்தை வீட்டில் இருக்கிற மிஷினிலேயே முடித்து அனுப்ப வேண்டும். முடியாவிட்டால் மூட்டை முடிச்சோடு சென்னை அலுவலகத்துக்கு வந்துவிட வேண்டும்.

ஸ்டெபிக்குச் சென்னை வேண்டாம். எனக்கும் அவள் போக வேண்டாம். என் மகன் அமலன் கப்பலில் இன்ஜினியர். வருடத்தில் ஒன்பது மாதம் கடலில் இருப்பான், மீதி மூன்று மாதம் தூக்கத்தில் இருப்பான். என் மனைவி ஆக்னஸ் என் பேச்சைக் கேட்பதைத் தொண்ணூற்று நான்கிலேயே நிறுத்திவிட்டாள். இந்த வீட்டில் என் கதைகளை உட்கார்ந்து கேட்டு, சரியான இடத்தில் சிரிக்கிற ஒரே ஜீவன் ஸ்டெபிதான். அவளும் போய்விட்டால் நான் நேசக்குமாரிடம் பேச வேண்டியிருக்கும். அதற்கு உப்பளத்தில் போய்ப் பாத்தியோடு பேசலாம்.

"கம்பெனி மிஷின் வாங்கும்மா," என்றார் நேசக்குமார், எங்கள் வீட்டு நாற்காலியில் கைக்குட்டையை விரித்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டு. "ஏதாவது ஒண்ணுன்னா போன் போட்டா ஆள் வந்து நிப்பான். தனித்தனியா வாங்கி மாட்டுனா யார்ட்ட போய் நிப்பிய?"

"வே, அந்த ஆள் உம்ம வீட்டுக்கு எத்தன தடவ வந்தான்?" என்றேன்.

"இன்னும் ரிப்பேரே ஆகலியே, செபாஸ்டின் அண்ணாச்சி."

"தாளையே உரிக்கல. பெறவு எப்படி வே ரிப்பேர் ஆகும்?"

ஸ்டெபி சிரித்தாள். சரியான இடத்தில். அதற்குப் பிறகு நான் இந்தக் காரியத்தைக் கையில் எடுத்துக்கொண்டதில் என்ன தப்பு?

என் தகுதியைச் சொல்லிவிடுகிறேன். முப்பத்தொரு வருடம் துறைமுகம் போகும் சாலையில் ஒரு எடை மேடையில் உட்கார்ந்திருந்தவன் நான். சரக்கோடு வருகிற லாரியை ஏற்றி நிறுத்து ஒரு எடை, சரக்கை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும்போது ஒரு எடை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் சரக்கு. இதில் டிரைவர்கள் காட்டாத வித்தை கிடையாது. சரக்கோடு வரும்போது சீட்டுக்கு அடியில் கருங்கல் இருக்கும், டிரம்மில் தண்ணீர் இருக்கும், கிளீனர் போர்வைக்குள் மூச்சை அடக்கிப் படுத்திருப்பான். திரும்பும்போது கல்லும் இருக்காது, தண்ணீரும் இருக்காது, கிளீனர் டீக்கடையில் இருப்பான். இத்தனை பேரையும் நான் பிடித்திருக்கிறேன். லாரி மேடையில் ஏறும்போது வருகிற முனகலை வைத்தே, உள்ளே கல் எத்தனை, கிளீனர் காலையில் இட்லி எத்தனை தின்றான் என்று சொல்வேன். விளாத்திகுளம் டிரைவர் ஒருவன் என்னைப் பார்த்ததுமே அழுதுகொண்டு கல்லை இறக்கி வைத்ததெல்லாம் உண்டு.

சனிக்கிழமை ஸ்டெபியும் நானும் பாளையங்கோட்டை சாலையில் ஒரு ஷோரூமுக்குப் போனோம். உள்ளே குளிரில் இறால் கெடாமல் வைக்கலாம். கழுத்தில் டை கட்டிய ஒருவர் கம்பெனிப் பெட்டிகளைக் காட்டினார். ஒன்றைத் தூக்கிப் பார்த்தேன். இவ்வளவு பெரிய பெட்டிக்கு இது என்ன கனம். காலி டப்பாவைத் தூக்கின மாதிரி கையோடு வந்தது.

"தொறந்து காட்டுங்க," என்றேன்.

"முத்திரை உடைஞ்சா வாரண்டி போயிரும் சார்."

துறைமுகத்தில் முத்திரை உடையாமல் வருகிற பெட்டியைத்தான் முதலில் மோப்பம் பிடிக்க நாயை விடுவார்கள் என்று அவருக்கு எடுத்துச் சொன்னேன். அவர் டையைச் சரிசெய்துகொண்டார். ஸ்டெபி மட்டும் அமைதியாக, "உள்ள பவர் சப்ளை என்ன கம்பெனி சார்?" என்று கேட்டாள்.

அவர் அட்டையின் நான்கு பக்கமும் படித்தார். "நல்ல பவர் சப்ளை மேடம்," என்றார்.

வீட்டுக்கு வந்ததும் ஸ்டெபி முடிவெடுத்துவிட்டாள். "நாமளே மாட்டிருவோம் மாமா. படத்துக்கு வேண்டியது பெரிய கிராபிக்ஸ் கார்டு. அது கரண்டைக் குடிக்கும். கரண்டைப் பிரிச்சுக் கொடுக்கற பவர் சப்ளை மட்டும் நல்லதா இருந்துட்டா போதும். அது மோசமா இருந்தா மத்த எல்லாத்தையும் சேத்துக் கொன்னுரும்."

இதை அவள் எனக்குச் சொன்னாள். நான் கேட்டேன். சாட்சிக்கு ஆக்னஸும் இருந்தாள். அவள்தான் பிற்பாடு இதை ஊர் முழுக்கச் சொன்னவள்.

டபிள்யூ.ஜி.சி. சாலைக்குப் பின்னால் ஒரு சந்தில் ஏசுவடியான் கம்ப்யூட்டர் சாமான் கடை வைத்திருக்கிறார். ஐம்பது வயது. ஒரு வாக்கியத்தை ஆரம்பித்து முடிப்பதற்குள் நீங்கள் டீ குடித்துவிட்டு வரலாம். ஸ்டெபி அவரிடம் போனிலேயே எல்லாம் சொல்லி வைத்துவிட்டாள். செவ்வாய்க்கிழமை மத்தியானம் நான் ஸ்கூட்டரில் போய் எடுத்துவர வேண்டும், அவ்வளவுதான் என் பங்கு. கூரியர்காரன் செய்கிற வேலை. என் தகுதிக்கு அது ஒரு அவமானம்.

எல்லாம் சரியாக இருந்தது. கடைசியாகப் பவர் சப்ளையை எடுத்து வைத்தார். அழகான சின்னப் பெட்டி. கையில் வாங்கினேன். எனக்குச் சப்பென்று போய்விட்டது.

"என்னவே இது, கோழிக்குஞ்சு மாதிரி இருக்கு?"

"ஸ்டெபி சொன்னது இதுதான் அண்ணாச்சி."

அலமாரியில் கீழ்த்தட்டில் இன்னொன்று இருந்தது. அதே அளவு, விலை மூன்றில் ஒரு பங்கு. குனிந்து எடுத்தேன். கை இறங்கியது. ஆகா, இதல்லவா சரக்கு. கூரியர் பார்சல் நிறுக்க அவர் வைத்திருந்த தராசில் இரண்டையும் வைத்துப் பார்த்தேன். ஸ்டெபி சொன்னது ஒரு கிலோ அறுநூற்றைம்பது. நான் எடுத்தது இரண்டு கிலோ நானூறு.

"அது வேண்டாம் அண்ணாச்சி," என்றார் ஏசுவடியான். "அதுல... பாத்தியன்னா..."

அவர் அந்த வாக்கியத்தை முடிப்பதற்குள் நான் பணத்தைக் கொடுத்துவிட்டு ஸ்கூட்டரில் ஏறிவிட்டேன். தாமிரத்தை மிச்சம் பிடித்துவிட்டு மேலே வர்ணம் பூசி மூன்று மடங்கு விலை சொல்கிறார்கள், அதை வாங்கப் படித்த பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள் என்று நினைத்தபோது, வழியெல்லாம் அந்தத் தலைமுறை முழுவதையும் நினைத்துச் சிரித்துக்கொண்டே வந்தேன்.

வாசலில் மீன்காரி பேச்சிச்செல்வி ஆக்னஸுக்கு ஊளி மீன் நிறுத்துக்கொண்டிருந்தாள். அவளுடைய தராசிலும் வைத்துப் பார்த்தேன். இம்மி பிசகாமல் இரண்டு நானூறு.

"இதுக்குச் செதில் எடுக்கணுமா அண்ணாச்சி?" என்றாள் அவள்.

"கனத்தப் பாரு. அப்ப உள்ள சரக்கு இருக்குன்னு அர்த்தம்."

"ஐஸ் தண்ணில ஊறப்போட்ட மீனும்தான் கனக்கும்," என்று சொல்லிவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள். மீன் விற்பவளிடம் மின்சாரம் பேசினால் இப்படித்தான்.

ஸ்டெபி பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "மாமா, நான் சொன்னது இது இல்லயே."

"அதவிட முக்கால் கிலோ கூட."

அவள் போனில் தேடினாள். "இந்தக் கம்பெனி பேரே இன்டர்நெட்ல எங்கயும் இல்ல மாமா."

"அடக்கமான கம்பெனி."

இந்தமுறை அவள் சிரிக்கவில்லை. ஏசுவடியானுக்குப் போன் போட்டாள். அவர் கடையைப் பூட்டிவிட்டு ஒரு கல்யாண வரவேற்புக்குப் பஸ் ஏறியிருந்தார். "காலைல கடை தொறந்ததும் போய் மாத்திட்டு வந்துருங்க மாமா. இன்னைக்கு இதப் போட்டு புரோகிராம் மட்டும் ஏத்திக்கிடுதேன். பெரிய வேல எதுவும் கொடுக்க மாட்டேன்."

சாப்பாட்டு மேசையில் வைத்துத்தான் மாட்டினாள். நான் திருப்புளியை எடுத்துக் கொடுத்தபடி மேற்பார்வை செய்தேன். நேசக்குமாரை வரவழைத்திருந்தேன், தன் தோல்வியை நேரில் பார்க்கட்டும் என்று. பொத்தானை அழுத்தியதும் விசிறிகள் சுற்றின, திரை ஒளிர்ந்தது. நேசக்குமார் கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தார். என் வாழ்க்கையில் இந்த மாதிரி ஒரு அரை மணி நேரம் வந்ததில்லை. கல்யாணத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இப்போது புதன்கிழமை காலை. ஒன்பதே முக்காலுக்கு அந்த இரண்டு கிலோ நானூறுக்கான பில்லைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, மாற்றை வாங்கிவரக் கிளம்பினேன்; பழையதைப் பிறகு கழற்றிக் கொடுத்துக்கொள்ளலாம் என்றிருந்தாள் ஸ்டெபி. ஸ்கூட்டர் சந்து வரை போகவில்லை. வழியில் ஒரு டீக்கடையில் நின்றது. நன்றாக ஓடுகிற ஒன்றைப் போய் மாற்றுவதா? கோழிக்குஞ்சைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தால் எதிர்வீட்டுக் கைக்குட்டை என்ன நினைக்கும்? இரண்டு டீ குடித்தேன், ஒரு வடை தின்றேன், வீட்டுக்குத் திரும்பினேன்.

"கடை பூட்டியிருக்கு," என்றேன். "கல்யாணத்துக்குப் போனவன் இன்னும் வரல போல."

ஸ்டெபி மணியைப் பார்த்தாள். "படம் முடிய அஞ்சு மணி நேரம் ஆவும் மாமா. இப்பவே போட்டாத்தான் உண்டு." சற்று யோசித்துவிட்டு ஆரம்பித்தாள். பத்தரை மணி.

பன்னிரண்டு மணிக்குப் படம் கால்வாசியைத் தாண்டியிருந்தது. பகல் வெயில் விழும் ஒரு வரவேற்பறை, கொஞ்சம் கொஞ்சமாகத் திரையில் தெளிந்து வந்தது. நேசக்குமார் வந்து எட்டிப் பார்த்தார். "நல்லாத்தான் ஓடுது," என்று ஒப்புக்கொண்டார். நான் பெருந்தன்மையோடு அவருக்கு என் லாரிக் கதைகளில் ஒன்றைச் சொல்ல ஆரம்பித்தேன். சீட்டுக்கு அடியில் கல் இருந்த கதை. டிரைவரை இறங்கச் சொல்கிற இடத்துக்கு வந்திருந்தேன், அப்போது டப்பென்று ஒரு சத்தம்.

பெரிய சத்தம் ஒன்றுமில்லை. தண்ணீர் டேங்கர் வெடித்த அளவுதான். விசிறிகள் நின்றன. திரை இருண்டது. முன்னறை முழுக்கக் கருகிய நண்டு நாற்றம்.

ஸ்டெபி மின்சாரத்தை அணைத்தாள். பெட்டியின் பக்கக் கதவைக் கழற்றி முகர்ந்து பார்த்தாள். "பவர் சப்ளை போச்சு. மத்தது எதையும் கொன்னுருக்கா இல்லையான்னு வேற ஒண்ணு மாட்டிப் பாத்தாத்தான் தெரியும்." அழவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. அழுதிருந்தால் ஆக்னஸ் சமாதானம் சொல்லியிருப்பாள், எனக்கும் ஒரு வேலை இருந்திருக்கும்.

அப்போது நேசக்குமார் எழுந்து ஓடினார். அறுபத்தேழு வயதில் மனிதர் ஓடி நான் பார்த்ததில்லை. தன்னுடைய கறுப்புப் பெட்டியைக் கைக்குழந்தைபோல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு திரும்பி வந்தார். மேசைமேல் வைத்து, அந்தப் பிளாஸ்டிக் தாளை ஒரே இழுப்பில் கிழித்தார். பிறகு பின்னால் ஒட்டியிருந்த முத்திரையை நகத்தால் கீறினார்.

"அங்கிள், வாரண்டி போயிரும்," என்றாள் ஸ்டெபி.

"போவட்டும்மா. இதுல இருக்கறத எடுத்துப் போடு."

திறந்தாள். உள்ளே பெரும்பாலும் காற்று. ஒரு சின்னக் குடும்பம் அங்கே குடியேறி, மீதியை வாடகைக்கும் விடலாம். மூலையில் உள்ளங்கை அளவுக்கு ஒரு பவர் சப்ளை. அதன் வயரைப் பிடித்து ஸ்டெபி எங்கள் பெட்டியின் அருகே கொண்டுபோனாள். சேரவில்லை. முனையின் வடிவமே வேறு.

"கம்பெனிக்காரன் இத தன்னோட பெட்டிக்கு மட்டுந்தான் சேர்ற மாதிரி செஞ்சு வச்சிருக்கான் அங்கிள். மன்னிச்சிக்கிடுங்க."

அந்த நேரத்திலும் எனக்குள் ஒரு சந்தோஷம் எட்டிப் பார்த்தது. நான் அப்படிப்பட்டவன்தான். ஆனால் கிழிந்த பிளாஸ்டிக் தாளை நேசக்குமார் நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்ததைப் பார்த்ததும் அது போய்விட்டது.

ஸ்டெபி போனை எடுத்தாள். "ஏசுவடியான் அண்ணாச்சிக்குப் போட்டுப் பாக்கேன். கல்யாணத்துலருந்து எப்ப வருவாவன்னு கேக்கேன்."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் ஒலிபெருக்கியில் அவர் குரல் வந்துவிட்டது. மெதுவாகப் பேசுகிற மனிதர் அன்றைக்கென்று படபடவென்று பேசினார்.

"கடை தொறந்துதானம்மா இருக்கு. ஒம்பதரைக்கே தொறந்துட்டேன். உங்க மாமா மாத்த வருவாவன்னுதான நேத்து சொன்ன? அத எடுத்து மேசமேலயே வச்சிருக்கேன். இன்னும் ஆளக் காணல."

முன்னறையில் நான்கு பேர். மூன்று பேர் என்னைப் பார்த்தார்கள். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

"கடை பூட்டியிருந்துச்சாக்கும்," என்றாள் ஆக்னஸ். முப்பது வருடமாக என் பேச்சைக் கேட்காதவள், அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் கேட்டு வைத்திருந்தாள்.

ஸ்டெபி கருகின பவர் சப்ளையைக் கழற்றி ஒரு துணிப்பையில் போட்டு என் கையில் கொடுத்தாள். "அரை மணி நேரத்துல வந்தியன்னா கிராபிக்ஸ கொஞ்சம் குறச்சு வச்சு முடிச்சிரலாம். இல்லன்னா நான் அமலனுக்கு மெசேஜ் போட்டுட்டு டிரெயினுக்கு டிக்கெட் பாக்கணும்."

ஸ்கூட்டரில் அன்று நான் போன வேகத்துக்கு ரயில்வே கேட்டே பயந்து தானாகத் திறந்தது. கடையில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். ஏசுவடியான் என்னைப் பார்த்தார். கோழிக்குஞ்சை எடுத்துக் கூரியர் தராசில் வைத்தார்.

"ஒண்ணே அறுநூத்தம்பது. நல்லாப் பாத்துக்கிடுங்க அண்ணாச்சி. பெறவு கனம் பத்தலன்னு வரக்கூடாது."

ஏழெட்டுப் பேரும் தராசைப் பார்த்தார்கள். பிறகு துணிப்பையில் இருந்ததை வாங்கி, நான்கு திருகாணிகளைக் கழற்றி மூடியைத் திறந்து காட்டினார். உள்ளே நகத்தளவில் சில சில்லறைச் சாமான்கள். அடியில், பசை போட்டு ஒட்டிய ஒரு இரும்புப் பட்டை. நல்ல கெட்டியான பட்டை.

"நீரு ஏன்வே இத விக்கீரு?" என்றேன். வேறு என்ன கேட்பது?

"உள்ள பட்ட இருக்குன்னு எனக்கும் தெரியாது. விலைக்கு மிஞ்சின கனம்னு மட்டும் தெரியும். அதத்தான் நேத்து சொல்ல வந்தேன்." அவர் மூடியை வைத்தார். "கையில தூக்கிப் பாத்து வாங்குத ஆளுக இருக்காவல்லா அண்ணாச்சி. அவங்களுக்குன்னே எவனோ உக்காந்து செய்யுதான்."

சீட்டுக்கு அடியில் கல். முப்பத்தொரு வருடம் அதைத் தேடித் தேடிப் பிடித்தவனுக்காக, முகம் தெரியாத எவனோ எங்கோ உட்கார்ந்து, அளவெடுத்து வெட்டிப் பசை தடவி ஒட்டியிருக்கிறான். அந்த விளாத்திகுளம் டிரைவர் அங்கே நின்றிருந்தால் சிரித்தே செத்திருப்பான்.

இருபத்து நான்கு நிமிடத்தில் வீட்டில் இருந்தேன். ஸ்டெபி கோழிக்குஞ்சை மாட்டினாள். பொத்தானின் மேல் விரலை வைத்துக்கொண்டு ஒரு நொடி நின்றாள். நேசக்குமார் கண்ணை மூடினார். ஆக்னஸ் சிலுவை போட்டாள். விசிறி சுற்றியது. திரை ஒளிர்ந்தது. வேறு எதுவும் சாகவில்லை. படம் நாலு மணி ஐம்பத்து மூன்று நிமிடத்துக்குச் சென்னைக்குப் போய்ச் சேர்ந்தது. ஐந்தே காலுக்கு, சரி, வீட்டிலேயே இரு என்று பதில் வந்தது.

நேசக்குமாரின் பெட்டியை ஸ்டெபியே மறுபடி மூடிக் கொடுத்தாள். அதற்கு இப்போது வாரண்டி இல்லை, தாளும் இல்லை. அவர் பொத்தானை வெறும் விரலால் அழுத்துகிறார். அதில் ஒரு தனிச் சுகம் இருப்பதாக என்னிடம் ரகசியமாகச் சொன்னார். நான் அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. அதுவே நான் அவருக்குச் செய்த பெரிய மரியாதை.

அந்த இரும்புப் பட்டையைப் பேச்சிச்செல்வியின் தராசில் நிறுத்தோம். ஒரு கிலோ நூற்றைம்பது. "இதுக்கு நான் எவ்வளவோ தேவல அண்ணாச்சி, நான் ஐஸு மட்டுந்தான் வைப்பேன்," என்றாள். ஆக்னஸ் இப்போது அதை மொட்டைமாடியில் கருவாட்டுப் பாயின் ஓரத்தில், காற்றில் பறக்காமலிருக்க வைத்திருக்கிறாள். ஒரு காரியத்துக்காவது உதவுகிறது.

ஸ்டெபி இரண்டு நாள் என்னோடு அளந்துதான் பேசினாள். மூன்றாம் நாள் சாயங்காலம் அவளே வந்து உட்கார்ந்தாள்.

"மாமா, அந்த லாரிக் கதையச் சொல்லுங்க. சீட்டுக்கு அடியில கல் வச்சிருந்தாம்லா, அது."

சொன்னேன். முன்பெல்லாம் டிரைவர் அழுகிற இடத்தில் சிரிப்பாள். இப்போது, லாரி மேடையில் ஏறும் முனகலை வைத்தே உள்ளே கல் இருக்கிறதென்று கண்டுபிடித்தேன் என்று நான் சொல்கிற இடத்திலேயே சிரிக்க ஆரம்பித்துவிடுகிறாள்.